தெற்கு மண்டலம் எவ்வளவு பலமானது?

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான கால்பந்துப் போட்டி வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகப் பிரித்து நடத்தப்படுகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் அகில இந்தியச் சுற்றில் சந்திக்கின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் பல்கலைக்கழகங்கள் தெற்கு மண்டலத்தில் வருகின்றன. இந்த மண்டலம் மற்ற மூன்றையும்விடப் பலமானதா, அடுத்த பருவத்தில் அந்தப் பலம் நிற்குமா என்ற இரண்டு கேள்விகளும் டீக்கடைப் பேச்சுக்கு உரியவை போலத் தோன்றும். உண்மையில் அவை புள்ளியியலின் கடினமான கணக்குகளில் சேர்ந்தவை. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. அங்கே ஆடப்படும் கால்பந்து வேறு ஆட்டம் என்றாலும் எந்தக் குழு பெரியது என்ற சண்டை இதே கணக்கின்மேல்தான் ஆண்டுதோறும் நடக்கிறது.

மண்டலம் என்பது எப்படிப்பட்ட கூட்டு என்பதை விருதுநகர் மாவட்டத்திலிருந்தே பார்க்கலாம். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சிவகாசியை அடுத்துள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே அணி இறக்கலாம். ஒரே பள்ளி மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த மூன்று பையன்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எங்கே இடம் கிடைத்ததோ அதைப் பொறுத்து, மூன்று அணிகளின் சட்டையில் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்க நேரலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து ஆட்களைத் திரட்டுகிறது. கால்பந்து ரத்தத்தில் ஊறிய கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்க் கடற்கரை ஊர்களோ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஆகவே ஓர் அணியின் பலத்தில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, வரைபடத்தில் கோடு எங்கே போடப்பட்டது என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

உள்கணக்கு எப்போதும் பூஜ்யம்

ஒரு மண்டலத்துக்குள் நடக்கும் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கே ஒருவர் பெற்ற வெற்றி இன்னொருவர் அடைந்த தோல்வி. மண்டலத்தின் மொத்த வெற்றிகளும் மொத்தத் தோல்விகளும் எப்போதும் சமம். போட்ட கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் சமம். உலகின் மிகச் சிறந்த பத்து அணிகளை ஒரு குழுவாகவும், நேற்றுதான் பந்தைத் தொட்ட பத்து அணிகளை இன்னொரு குழுவாகவும் வைத்து ஆடவிட்டால், இரண்டு புள்ளிப் பட்டியல்களும் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். உள்ளே நடக்கும் ஆயிரம் ஆட்டங்களும் மண்டலத்தின் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. யார் அந்த மண்டலத்துக்குள் மேலே, யார் கீழே என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. மண்டலத்தின் பலம் தெரிவது வெளி அணிகளுடன் நடக்கும் ஆட்டங்களில் மட்டுமே. இந்த அத்தியாயத்தில் இனி வரும் எல்லாமே இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை.

ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் இதற்கு நல்ல சாட்சி. 2001-02 வரை அது மண்டல அடிப்படையில் நடந்தது. அடுத்த பருவத்திலிருந்து எலைட், பிளேட் எனத் தரம் பார்த்துப் பிரிக்கப்பட்டது. மண்டல முறை இருந்த காலத்தில் பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை கோப்பையை வென்றது. இது பம்பாயின் பெருமைக்குச் சான்றே தவிர, மேற்கு மண்டலம் முழுவதும் பலமானது என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு மலையும் நான்கு மேடுகளும் கொண்ட மண்டலமாகவும் அது இருந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு நேரடிச் சோதனை 1961-62இல் தொடங்கிய துலீப் கோப்பைதான். அதில் மாநிலங்கள் கலைந்து மண்டலங்களே அணிகளாக ஆடின. முதல் இறுதிப் போட்டியில் மேற்கு மண்டலம் தெற்கு மண்டலத்தை வென்றது. ஆனால் துலீப் கோப்பையும் மண்டலத்தின் மிகச் சிறந்த பதினொரு பேரைத்தான் ஒப்பிடுகிறது. அந்த மண்டலத்தின் ஐந்தாவது அணி எப்படிப்பட்டது என்பதை அதுவும் காட்டாது.

இங்கே 'பலம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவுசெய்தாக வேண்டும். எல்லா அணிகளின் சராசரியையா, நடுவில் நிற்கும் அணியின் தரத்தையா, முதல் நான்கு அணிகளின் தரத்தையா? பல்கலைக்கழகக் கால்பந்தில் இந்த வேறுபாடு பெரியது. தெற்கு மண்டலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் நெடுங்காலமாகவே பெரிய சக்தி. கேரளத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களும் லேசானவை அல்ல. முதல் நான்கில் பெரும்பகுதி கேரளத்துக்கே போய்விடும் ஓர் ஆண்டில், அகில இந்தியச் சுற்றில் தெற்கு மண்டலம் காட்டும் பலம் உண்மையில் கேரளத்தின் பலம். அதைப் பார்த்து மதுரையிலிருந்தோ குல்பர்காவிலிருந்தோ வரும் அணியையும் உயர்த்திப் பேசுவது தவறு. மிகப் பயனுள்ள வரையறை இதுதான்: ஒரு நல்ல அணியை அந்த மண்டலத்தில் கொண்டுபோய் விட்டால், எத்தனை ஆட்டங்களில் அது தோற்கும்? அந்த எண்ணிக்கை கூடக்கூட மண்டலம் பலமானது. இந்த அளவுகோலில் மேலே உள்ள அணிகளும் நடுவில் உள்ள அணிகளும் சேர்ந்தே கணக்கில் வருகின்றன.

நாக்-அவுட் என்னும் கஞ்சன்

மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட்டாகத் தொடங்கி, கடைசி நான்கு அணிகளுக்கு லீக்காக முடிகின்றன. நேரமும் பணமும் குறைவாக உள்ள இடத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அறிவியல் கண்ணோட்டத்தில் நாக்-அவுட் தகவல் தருவதில் பெரிய கஞ்சன். 64 அணிகள் வந்தால் ஒரே ஓர் அணி மிஞ்சுவதற்கு 63 ஆட்டங்கள் போதும். அவற்றில் 32 அணிகள் ஒரே ஆட்டத்தோடு பெட்டியைக் கட்டிவிடும். ரயிலில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்து 90 நிமிடத்தில் திரும்பும் அணியைப் பற்றி அந்த ஓர் ஆட்டம் என்ன சொல்லிவிட முடியும்? முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் 0-1 என்று தோற்ற அணி, அரையிறுதிவரை வந்த அணியைவிடத் திறமையானதாக இருக்கலாம்.

அணிகளைப் புள்ளிகளாகவும் ஆட்டங்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரைந்தால் இது இன்னும் விளங்கும். நாக்-அவுட்டின் படம் கிளைவிட்ட மரம்போல இருக்கும். எங்கேயும் வளையம் இருக்காது. வளையம் இல்லாவிட்டால் ஒரு முடிவை இன்னொரு முடிவோடு ஒத்துப் பார்க்க வழியில்லை. முதல் அணி இரண்டாவதை வென்றது, இரண்டாவது மூன்றாவதை வென்றது என்றால், முதல் அணி மூன்றாவதையும் வெல்லும் என்று நம்பத்தான் முடியும். லீக்கில் அந்த மூன்றாவது ஆட்டமும் நடக்கும். நம்பிக்கை அங்கே சோதிக்கப்படும். கடைசி நான்கு அணிகள் ஆடும் 6 ஆட்டங்கள், அதற்கு முந்தைய 60 ஆட்டங்களைவிட அந்த நான்கு அணிகளைப் பற்றி நம்பகமாகப் பேசுவது இதனால்தான்.

வென்றவரை வென்றவர் என்று சங்கிலி கோப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்க ரசிகர்கள் ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் கோத்து, பட்டியலின் அடியில் கிடக்கும் கல்லூரியைத் தேசியச் சாம்பியனுக்கு மேலே ஏற்றிக் காட்டுவார்கள். சங்கிலி நீளமாக நீளமாக ஒவ்வொரு கண்ணியின் பிழையும் சேர்ந்து பெருகும். ஆறு கண்ணி தாண்டியபின் அதில் செய்தி எதுவும் மிஞ்சாது.

ஒரு கோல் ஆட்டத்தின் கணக்கு

கால்பந்தில் கோல் அரிது என்பதால் அதிர்ஷ்டத்துக்கு அங்கே பெரிய இடம் உண்டு. அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை விவரிக்கும் பரவல் ஒன்றை பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 1837இல் வெளியிட்டார். கால்பந்துக் கோல்களும் ஏறக்குறைய அந்தப் பரவலில் அடங்குகின்றன. ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் பலம் ஓர் எண், தற்காப்புப் பலம் ஓர் எண் என்று கொடுத்து முடிவுகளைக் கணிக்கும் முறையை மாஹர் 1982இல் வகுத்தார். இன்றைய கால்பந்துக் கணிப்புகளில் பலவற்றுக்கும் அடித்தளம் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பலமான அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 1.6 கோலும், எதிரணி 1 கோலும் போடக்கூடியவை என்று கொள்வோம். இது சின்ன வித்தியாசமில்லை; மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் யாருக்கும் எது நல்ல அணி என்று தெரிந்துவிடும். ஆனாலும் புவாசோன் கணக்கின்படி பலமான அணி வெல்லும் வாய்ப்பு 51 சதவீதம்தான். டிரா ஆகும் வாய்ப்பு 25, தோற்கும் வாய்ப்பு 24. நாக்-அவுட்டில் டிராவைப் பெனால்டியில் பாதிக்குப் பாதி என்று பிரித்தால், பலமான அணி அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 64 சதவீதம் ஆகிறது. இதே தர வித்தியாசத்தில் தொடர்ந்து நான்கு சுற்றுகளைத் தாண்டும் வாய்ப்பு 17 சதவீதம். ஆறு சுற்றுகள் என்றால் 7 சதவீதம். தெளிவாகச் சிறந்த அணியும் பதினான்கு தடவையில் பதின்மூன்று தடவை வழியில் எங்காவது இடறி விழும். ஒரு பயிற்சியாளரைக் கோப்பை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்றும் கல்லூரிகள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதையே மண்டலத்துக்குப் பொருத்தலாம். மேலே சொன்ன இரு அணிகளின் ஆட்டத்தில் கோல் வித்தியாசம் சராசரியாக 0.6, ஆனால் அது ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறத்தாழ 1.6 கோல் அளவுக்கு மேலும் கீழும் அலையும். பல ஆட்டங்களின் சராசரியை எடுத்தால் அலைச்சல் குறையும்; ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே குறையும். நான்கு ஆட்டங்கள் நடந்தால் பிழை 0.8 கோல். அதை 0.4 ஆகக் குறைக்க 16 ஆட்டங்கள் வேண்டும். அகில இந்தியச் சுற்றின் 16 அணிகளை, மண்டலத்துக்கு ஒன்றாக நான்கு குழுக்களில் பிரித்து ஆடவிட்டால், தெற்குக்கும் கிழக்குக்கும் நேரடியாக நடக்கும் குழு ஆட்டங்கள் நான்கே நான்கு. அந்த நான்கில் தெற்கு சராசரியாக அரை கோல் முன்னிலை பெற்றால், அந்த முன்னிலையைவிடப் பிழையின் அளவு பெரியது. அடுத்த நாள் செய்தித்தாளில் 'தெற்கின் ஆதிக்கம்' என்று தலைப்பு வரும். கணக்கில் அது 'இன்னும் தெரியவில்லை' என்ற நிலைதான். ஐந்தாறு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை போதும். அதற்குள் வீரர்கள் அத்தனை பேரும் மாறிவிட்டிருப்பார்கள். இந்த முரண்பாடு கல்லூரி விளையாட்டைவிட்டுப் போகவே போகாது.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு மறக்க முடியாத ஒரு சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. சையது முஷ்டாக் அலி கோப்பையின் இறுதிப் போட்டியில் தமிழ்நாடு மூன்று பருவங்கள் தொடர்ந்து ஆடியது. 2019 டிசம்பரில் சூரத்தில் கர்நாடகத்திடம் 1 ரன்னில் தோற்றது. 2020-21இல் பரோடாவை வென்றது. 2021 நவம்பரில் மீண்டும் கர்நாடகம். கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்ட நிலையில் ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். கோப்பைகளை மட்டும் எண்ணினால் 0, 1, 1. கடைசிப் பந்துகள் இரண்டும் மாறிப் போயிருந்தால் 1, 1, 0. இரண்டு வரிசையிலும் அணி அதே அணிதான். மூன்று முறையும் இறுதிவரை வந்தது என்ற செய்தியில்தான் பலம் இருக்கிறது. மாநிலம் முழுவதும் தேர்வாளர்களின் கண்ணில் படாத பையன்களுக்கு 2016இல் கதவைத் திறந்த தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் தரத்துக்கும் இதுவே நல்ல ஆதாரம். அந்த லீக்கில் ஒருவர் எத்தனை சிக்ஸர் அடித்தார் என்பதைவிட, அங்கிருந்து வெளியே போய்க் கர்நாடகத்தையும் பரோடாவையும் சந்தித்தபோது என்ன செய்தார் என்பதே லீக்கை எடைபோட உதவும்.

மதிப்பெண் முறைகள்

சிதறிக் கிடக்கும் ஆட்ட முடிவுகளை ஒரே எண்ணாகத் திரட்டப் பல முறைகள் உண்டு. மிகவும் பெயர்பெற்றது ஈலோ முறை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்ப்பாடு ஈலோ சதுரங்கத்துக்காக இதை வகுத்தார்; உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. விசுவநாதன் ஆனந்துக்கும் குகேஷுக்கும் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்கு இலக்க எண் இதுதான். இரண்டு பேருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே உள்ளவருக்கு எதிர்பார்க்கப்படும் பங்கு 64 சதவீதம்; 200 என்றால் 76; 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். 2018 முதல் ஃபிஃபாவும் ஆண்கள் தரவரிசைக்கு இதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

ஈலோவின் அழகு அதன் எளிமை. ஆனால் மூடிய குழுக்கள் என்று வந்தால் அதற்கும் கண் மறைந்துவிடும். ஒருவர் இழக்கும் புள்ளியை இன்னொருவர் பெறுவதால் மண்டலத்துக்குள் புள்ளிகள் கைமாறுமே தவிர மொத்தம் மாறாது. எல்லா மண்டலங்களுக்கும் தொடக்கத்தில் ஒரே சராசரியைக் கொடுத்தால், வெளி ஆட்டங்கள் வரும்வரை அந்தச் சராசரி அப்படியே நிற்கும். வெளியே நான்கு அணிகள் மட்டும் போய்ப் புள்ளி சேர்த்துக்கொண்டு வந்தால், அந்தப் புள்ளி அடுத்த பருவத்து உள் ஆட்டங்கள் வழியாக மெதுவாகத்தான் மற்ற அணிகளுக்குப் பரவும். இந்தத் தாமதத்தைத் தவிர்க்க, எல்லா அணிகளின் தரத்தையும் தெரியாத எண்களாக வைத்து, எல்லா ஆட்டங்களையும் சமன்பாடுகளாக எழுதி, ஒரே நேரத்தில் தீர்க்கும் முறைகள் வந்தன. அவற்றிலும் மண்டலங்களை இணைக்கும் சமன்பாடுகள் சில மட்டுமே இருந்தால் விடை ஆட்டம் காணும். கணினி எண்ணை மூன்று தசமத்துக்குத் துல்லியமாகத் தரும். அந்தத் துல்லியத்தை நம்பிவிடக் கூடாது.

எண்களை விட்டுவிட்டு மனிதர்களின் வாக்கை நம்பினால் வேறொரு சிக்கல். அமெரிக்காவில் பருவம் தொடங்கும் முன்பே பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தரவரிசை வெளியிடுகிறார்கள். ஒரு குழுவின் ஆறு அணிகளை முதல் 25க்குள் வைத்துவிட்டால், பிறகு அவை தமக்குள் மோதித் தோற்றாலும் 'பலமான அணியிடம் தோற்றது' என்று மன்னிப்பு கிடைக்கும். பலம் என்று முதலில் நினைத்ததே பலத்துக்குச் சான்றாக மாறிவிடும். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களிலும் வென்றது. இருந்தும் நான்கு அணிகளின் இறுதிச் சுற்றுக்கு அது தேர்வாகவில்லை. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமா உள்ளே போனது. முக்கிய வீரர் காயப்பட்டிருந்தது ஒரு காரணம். அலபாமா ஆடிய குழு பலமானது என்ற எண்ணமும் அந்த விவாதத்தில் பெரிதாக நின்றது. வெல்வதற்கு இருந்த எல்லாவற்றையும் வென்றவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது விளையாட்டின் அடிப்படை நியாயத்துக்கே விரோதமானது. அடுத்த ஆண்டு 12 அணிகள் ஆடும் சுற்று நடைமுறைக்கு வந்தது.

அடுத்த பருவம்

அதே ஃபுளோரிடா ஸ்டேட் 2024 பருவத்துக்கு முன் பத்தாவது இடத்தில் மதிப்பிடப்பட்டிருந்தது. அந்தப் பருவத்தில் அது 2 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த பருவத்தைக் கணிப்பதற்கு நடந்து முடிந்த பருவம் எவ்வளவு பலவீனமான வழிகாட்டி என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டியதில்லை.

பருவத்துப் புள்ளிப் பட்டியலில் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்தே இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. 8 அணிகள் ஒவ்வொன்றும் 7 லீக் ஆட்டம் ஆடுகின்றன. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் அமைப்பு இது. ஒரு பருவத்தின் முடிவில் வெற்றிகள் முறையே 6, 5, 4, 4, 3, 3, 2, 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்ததும் மேலே பலசாலி, கீழே நோஞ்சான் என்று தோன்றும். சராசரி 3.5, இந்த எண்களின் மாறுபாட்டு அளவு 2.25. இப்போது எட்டு அணிகளும் முற்றிலும் சமமானவை, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவதுதான் என்று கொண்டால் மாறுபாட்டு அளவு 1.75 வரும். அதாவது பட்டியலில் தெரியும் ஏற்றத்தாழ்வில் 78 சதவீதத்தை வெறும் அதிர்ஷ்டமே உண்டாக்கிவிட முடியும். மிஞ்சும் 22 சதவீதம்தான் திறமையின் பங்கு. இந்த அணிகளே மறுபடி ஆடினால், 6 வெற்றி பெற்ற அணிக்கு நியாயமான எதிர்பார்ப்பு 6 இல்லை, 3.5உடன் 2.5இன் 22 சதவீதத்தைக் கூட்ட வேண்டும். விடை சுமார் 4. இப்படி உச்சியில் இருப்பவர் சராசரியை நோக்கி இறங்குவதையும் அடியில் இருப்பவர் ஏறுவதையும் பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து விளக்கினார். மதர்ப்பு, சோம்பல், கண்ணேறு என்று ஊரில் சொல்லப்படும் பல காரணங்கள் இந்த ஒரே கணக்கில் கரைந்துவிடும்.

சிவகாசிப் பட்டாசு வியாபாரத்தில் இருப்பவர்கள் இதை வேறு வடிவில் அன்றாடம் செய்கிறார்கள். ஆடிப்பெருக்கில் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கும்போது, போன தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்பதை மட்டும் பார்த்து எவரும் கணக்குப் போடுவதில்லை. வாங்கும் ஊர்களில் அன்று மழை பெய்ததா, வியாபாரிகளின் கிட்டங்கியில் பழைய சரக்கு தேங்கிக் கிடக்கிறதா என்று விசாரித்துக் கழித்த பிறகே சரக்குக்கு உண்மையில் எவ்வளவு கிராக்கி இருந்தது என்பது தெரியும். விளையாட்டிலும் மழையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அணி.

ரஞ்சிக் கோப்பையில் கேரளத்தின் 2024-25 பருவத்தை இப்படிக் கழித்துப் பார்க்கலாம். காலிறுதியில் ஜம்மு காஷ்மீர் 280, கேரளம் 281. ஆட்டம் டிரா, ஒரு ரன் முன்னிலையில் கேரளம் மேலே போனது. அரையிறுதியில் கேரளம் 457, குஜராத் 455. குஜராத்தின் கடைசி மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பி, சச்சின் பேபியின் கையில் விழுந்தது. அந்தப் பந்து ஒரு விரற்கடை மேலே போயிருந்தால் பவுண்டரி. இறுதிப் போட்டிக்குக் குஜராத் போயிருக்கும். கேரளம் தன் வரலாற்றில் முதல்முறையாக இறுதிக்கு வந்து விதர்பாவிடம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பையை இழந்தது. இரண்டு ஆட்டங்களிலும் கடைசிவரை கைவிடாமல் நின்ற அணியின் உறுதி மெய்யானது, போற்றத்தக்கது. ஆனால் அடுத்த பருவத்தைக் கணிப்பவர் 'இறுதிக்கு வந்த அணி' என்று எழுதாமல், 'இரண்டு சமபல ஆட்டங்களில் மூன்று ரன் முன்னிலை பெற்ற அணி' என்று எழுதிக்கொள்வதே சரி.

அதிர்ஷ்டத்தைக் கழித்தபின் ஆட்களை எண்ண வேண்டும். கல்லூரி விளையாட்டில் முக்கியமான செய்தி இதுதான். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட வயது 17க்கும் 25க்கும் இடையே இருக்க வேண்டும். ஆனால் வயது வரம்பைவிடப் படிப்பின் காலமே பெரும்பாலும் ஆளை வெளியே தள்ளுகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மூன்றாண்டு. அணியில் மூன்று ஆண்டு மாணவர்களும் சம அளவில் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு போகும். பொறியியல் கல்லூரியில் நான்கில் ஒரு பங்கு. நடைமுறையில் மூத்தவர்களே அதிகம் ஆடுவதால் இழப்பு இதைவிடக் கூடுதல். அணிப்பட்டியல் கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது கோல் கணக்கை இல்லை. பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வகுப்பை. கோல்கீப்பரும் நடுத் தற்காப்பாளர் இருவரும் மூன்றாமாண்டு பி.காம். என்றால், அடுத்த ஆண்டு அந்த அணி வாங்கும் கோல் கூடும் என்று துணிந்து சொல்லலாம். முதுகலைக்கு அதே வளாகத்தில் தங்குகிறார்களா, வேறு பல்கலைக்கழகத்துக்கு இழுக்கப்படுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. ஜூனில் விளையாட்டு ஒதுக்கீட்டில் யார் சேர்ந்தார்கள் என்பது கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்கு மட்டுமே தெரிந்த தகவல். எந்த மதிப்பெண் முறையும் அதற்கு ஈடாகாது.

நாட்காட்டிக்கும் பங்கு உண்டு. கல்லூரி அணிகள் கூடிப் பயிற்சி எடுக்க வேண்டிய மாதங்களில்தான் சிவகாசி வட்டாரம் தீபாவளிக்காக மூச்சுவிடாமல் உழைக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஆலையிலும் அச்சகத்திலும் இருக்கும்போது, பையனும் பட்டாசுக் கடையில் சில வாரம் நிற்கப் போய்விடுவான். தீபாவளி அக்டோபர் நடுவில் வருகிறதா, நவம்பரில் வருகிறதா என்பதைப் பொறுத்து மாலைப் பயிற்சிக்கு வரும் தலைகள் மாறும். தொலைவிலிருந்து எண்களை மட்டும் பார்ப்பவர் இப்படிப்பட்ட காரணங்களைக் காண முடியாது.

ஆள் மாற்றம் எவ்வளவு வேகமாகத் தரத்தைப் புரட்டும் என்பதற்குப் பக்கத்து ஊர் சாட்சி. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் இரண்டு பருவங்களில் மதுரை அணி பட்டியலின் அடியில் தவித்தது. 2018இல் பெயரும் ஆட்களும் மாறி மதுரை பாந்தர்ஸ் ஆக வந்து, திண்டுக்கல்லை இறுதியில் வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் அதுவரை பெரிதாக அறியப்படாத சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார், வருண் சக்கரவர்த்தி. அதே ஆண்டு டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் அவருக்கு 8.4 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது. முந்தைய இரண்டு பருவப் பட்டியல்களை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருந்தாலும் இதைக் கண்டிருக்க முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் முதல் ஆறு பருவங்களில் ஐந்தில் இறுதிப் போட்டிக்கு வந்தது. எல்லா அணிகளும் சமம் என்றால், குறிப்பிட்ட ஓர் அணி இப்படி வரும் வாய்ப்பு சுமார் 215இல் ஒன்று. எட்டு அணிகளில் ஏதாவது ஒன்று என்று பார்த்தாலும் 27இல் ஒன்று. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பருவம் பேசாததை ஆறு பருவங்கள் பேசிவிடுகின்றன.

இவ்வளவையும் சேர்த்து எழுதும் கணிப்பு 'வெல்லும்', 'தோற்கும்' என்ற சொற்களில் இருக்கக் கூடாது. வாய்ப்பின் அளவாக இருக்க வேண்டும். தெற்கு மண்டல அணி ஒன்று அகில இந்திய அரையிறுதிக்கு வரும் வாய்ப்பு 70 சதவீதம் என்று எழுதினால், அது பிறகு சரிபார்க்கக்கூடிய கூற்று. அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950இல் தந்த அளவை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்க வேண்டும். 70 சதவீதம் என்று சொன்னது நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50 சதவீதம் என்று சொல்பவருக்கு எப்போதும் 0.25. பல பருவங்களின் கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது 0.25க்குக் கீழே நிற்பவர் ஏதோ ஒன்றை அறிந்திருக்கிறார். மேலே போனவர், எவ்வளவு உறுதியாகப் பேசினாலும், அறியவில்லை. இந்தக் கணக்குக்குத் தேவையான ஆட்ட முடிவுகளும் அணிப்பட்டியல்களும் ஒவ்வொரு கல்லூரியின் உடற்கல்வித் துறை அலமாரியிலும் ஆண்டுவாரியாக இருக்கக்கூடியவை. அவற்றை வகுப்பு விவரத்தோடு, மண்டல ஆட்டம் தனி, வெளி ஆட்டம் தனி என்று பிரித்து எழுதி வைக்கும் ஒரு கல்லூரிக்குப் பத்தாண்டில் தன் மண்டலத்தைப் பற்றி மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.